மெதுவாகப் பாடிய மூன்று மாதம்

அந்த வருஷம் ஆடி பிறக்கும் வரை அகிலாண்டேஸ்வரி தன் காதை முழுசாக நம்பிக்கொண்டிருந்தாள். நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை. தென்காசியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவள் டீச்சர். பன்னிரண்டு மிஷின்கள் ஒரே நேரத்தில் தடதடக்கும் அறையில், கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே, "மூணாவது மிஷின், சுண்டு விரலை எங்க வச்சிருக்க?" என்பாள். மூன்றாவது மிஷினில் இருக்கும் பெண் திடுக்கிட்டு விரலை மாற்றிக்கொள்ளும். இருபத்து நாலு வயதில் அவளுக்குக் கிடைத்திருந்த மரியாதையெல்லாம் அந்தக் காதால் வந்ததுதான்.

அந்தக் காதை வைத்துக்கொண்டு அவள் இன்னொரு காரியமும் செய்துவந்தாள். மாதம் இரண்டு முறை ஸ்டென்சில் வெட்டி, இன்ஸ்டிட்யூட்டில் பரீட்சைத் தாள் உருட்டும் சைக்ளோஸ்டைல் மிஷினில் முன்னூறு பிரதி எடுப்பாள். ஒரே தாள், இரண்டு பக்கம். பெயர் 'காதோலை'. புதிதாக வந்த காசெட்டுகளைப் பற்றிய தாள் அது. சினிமாப் பாட்டுக்கு அதில் இடம் கிடையாது. சினிமாப் பாட்டு தானாகவே டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்கிவிடும். அதற்கு அகிலாவின் தயவு வேண்டியதில்லை. யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், ஆளாளுக்குத் தாங்களே பதிந்து நூறு இருநூறு பிரதி போட்டுத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு அலைகிறார்களே, அந்தக் காசெட்டுகள்தான் அவளுக்கு வேண்டும்.

சுரண்டைப் பக்கத்துச் சபை ஒன்றின் பாடகர் குழு, நாகர்கோவிலில் கிதாரும் பிளாஸ்டிக் வாளியுமாகப் பாட்டுக் கட்டிய நாலு கல்லூரிப் பையன்கள், செங்கோட்டைக்கு அந்தப்புறமிருந்து வந்த செண்டை மேளம், கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்த அரபு எழுத்து மட்டுமே உள்ள ஒரு காசெட், ரிட்டையரான போஸ்ட் மாஸ்டர் வாசித்த புல்லாங்குழல். அந்தப் புல்லாங்குழலில் ஒரு காக்கையும் பதிவாகியிருந்தது. அகிலா காக்கையைப் பற்றியும் இரண்டு வரி எழுதினாள்.

காசெட்டுகளைச் சேர்த்துக் கொடுப்பது கிதிர் முகம்மது. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவனுக்கு ரெக்கார்டிங் கடை. சீசன் தொடங்கியதும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் குற்றாலத்துக்குப் போய், மெயினருவிக்குப் போகும் வழியில், நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் நடுவில் ஒரு ஸ்டால் போட்டுக்கொள்வான். விற்கும் ஒவ்வொரு காசெட்டுக்குள்ளும் ஒரு 'காதோலை'யை மடித்து வைத்துவிடுவான். ஆனால் ஒரு நாளும் அதைப் படித்தது இல்லை. "எழுத்தப் பாத்தாலே எனக்குக் கண்ணச் சொருகும் டீச்சர். நீங்க எழுதுங்க, நான் திணிக்கேன்" என்பான்.

படித்தவர்கள் விரும்பிப் படித்தார்கள்; எழுதிக் கேட்டவர்களுக்கு அகிலா தபாலிலும் அனுப்பினாள். அகிலா நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாக வாங்கி வாங்கிப் படித்தவள். பனியையும் ஸ்லெட்ஜ் வண்டியையும் பார்க்காமலே பார்த்தவள். அந்த அரபுக் காசெட்டைப் பற்றி அவள் இப்படி எழுதினாள்: 'ஒட்டகம் ஒன்று மணலில் நடக்கிறது. அதற்குப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை.' இலஞ்சி பிச்சம்மாள் வில்லுப்பாட்டுக் குழுவின் அம்மன் கதைக் காசெட்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்கினாள். 'மலை உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அது நம்மிடம் வந்து சேரும் வரை காத்திருக்கிறார். இவ்வளவு பொறுமையான வில்லை நான் கேட்டதில்லை.'

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை, சாரல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த காலையில், அகிலா புது வரவு வாங்கக் கிதிரின் ஸ்டாலுக்கு வந்திருந்தாள். அப்போதுதான் தலையில் எண்ணெயும் இடுப்பில் ஈர வேட்டியுமாக ஒரு மனிதர் குளித்த கையோடு நேரே வந்து நின்றார். ஒரு கையில் பிச்சம்மாள் காசெட். மற்றொரு கையில் எட்டாக மடித்த 'காதோலை'.

"இந்தப் பேப்பரு எழுதுதது யாரு?"

கிதிர் கையை நீட்டிக் காட்டினான். "இவங்கதான் அண்ணாச்சி. டீச்சர்."

"பொம்பளப் பிள்ளையா?" என்றார் அவர். கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "எம் பேரு ஆவுடையப்பன். வாசுதேவநல்லூர். எங்க அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்கு நான்தான் தலைவரு. ஏம்மா, மலை உக்காந்து பேசுதுன்னு எழுதியிருக்கியே, அந்த மலை எங்கன இருக்கு?"

அகிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"பாய், இதப் போடும்" என்று காசெட்டை நீட்டினார். கிதிர் தன் டெக்கில் போட்டான்.

மணி கட்டிய வில் சலசலவென்று அடித்தது. உடுக்கு பின்னாலேயே துரத்தியது. ஒரு பெண் குரல், மெல்லியதாக, கீச்சென்று, மூச்சு விட நேரம் இல்லாமல் அம்மனைப் பிறக்க வைத்து, வளர்த்து, காட்டுக்கு அனுப்பியது. பஸ்ஸுக்கு ஓடுகிறவள் பாடுகிற மாதிரி இருந்தது. சிப்ஸ் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இது அது இல்ல" என்றாள் அகிலா. "வேற காசெட்."

"எதும்மா வேற? அட்ட அதுதான், போட்டோ அதுதான், பேரு அதுதான். ஒம் பேப்பரப் படிச்சிட்டு கமிட்டில நான்தான் சொன்னேன், இந்த வருசம் ராத்திரிக் கொடைக்கு இந்தப் பொம்பளையக் கூப்பிடுவோம்னு. பொம்பள வில்லா, பொம்பள வில்லான்னு ஆளாளுக்கு எகிறுனானுவ. 'தென்காசில படிச்சவுக எழுதியிருக்காவ, கேளுங்கலே'ன்னு வாயடைச்சேன். வெத்தல பாக்கும் குடுத்தாச்சு. நேத்துதான் காசெட்டு கெடச்சிது, கமிட்டிக்காரன் எல்லாவனும் கேட்டான். 'மலைங்கது இதுதானா ஆவுடையப்பா'ன்னு கேட்டுச் சிரிக்கானுவ. வியாழக்கெழம திரும்பக் கூடுதோம். அன்னைக்கு வெத்தலையத் திருப்பி வாங்கிருவோம்னு பேசிக்கிடுதாவ."

"அண்ணாச்சி, என்கிட்ட இருக்கிற காசெட்டை நான் கொண்டுவந்து—"

"வியாழக்கெழம சாயங்காலம். அதுக்குள்ள மலையக் கொண்டா" என்று சொல்லிவிட்டு அவர் சாரலில் நடந்தார்.

வீட்டுக்குத் திரும்பி, நனைந்த முடியைக்கூடத் துவட்டாமல், அகிலா தன் டூ இன் ஒன் டேப் மிஷினில் பிச்சம்மாளைப் போட்டாள். அதே குரல்தான். தணிந்த, கனத்த, காத்திருக்கும் குரல். வில் ஒரு தடவை அடித்து ஓய்ந்த பிறகு மணிகள் ஒவ்வொன்றாக அடங்குவதைக் கேட்க முடிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தப்பு தன்னிடம் இல்லை, அவருக்குக் கிடைத்ததுதான் கெட்டுப்போன பிரதி என்று முடிவு செய்தாள்.

மறுநாள் மத்தியானம் மிஷினையும் காசெட்டையும் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள். கிதிர் அவளுடைய காசெட்டைத் தன் டெக்கில் போட்டான். பஸ்ஸுக்கு ஓடும் பெண் வந்தாள். அதே காசெட்டை எடுத்து அகிலாவின் மிஷினில் போட்டான். மலை உட்கார்ந்தது.

கிதிர் அகிலாவைப் பார்த்தான். அகிலா மிஷினைப் பார்த்தாள்.

"டீச்சர்," என்றான் அவன் மெதுவாக, "சித்திரையில இதுக்கு பெல்ட்டு அறுந்துதுல்லா?"

"ஆமா. நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க."

"பெல்ட்டு எங்கன போட்டேன்? மதுரைல இருந்து வரணும், பதினஞ்சு நாளாவும்னு சொன்னேன். நீங்க 'இன்னைக்கே வேணும்'னு ஒத்தக் கால்ல நின்னீங்க. சைக்கிள் ட்யூப்ப வட்டமா வெட்டி மாட்டிவிட்டேன்." அதற்குள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மிஷினின் முதுகைத் திறந்துவிட்டான். உள்ளே தடித்த கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்திருந்தது. மோட்டார், வண்டி மாடு மாதிரி முக்கிக்கொண்டு அதை இழுத்தது. "அட அல்லாவே. பெறகு நல்ல பெல்ட்டு வந்துது டீச்சர். டப்பாலதான் கெடக்கு. நீங்களும் கேக்கல, நானும் மறந்துட்டேன்."

கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார்கள். முப்பது நிமிஷத்தில் முடிய வேண்டிய பக்கம் முப்பத்தேழு நிமிஷம் ஓடியது.

சித்திரை, வைகாசி, ஆனி. ஆறு இதழ். பதினாலு காசெட். அகிலா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். போகிற இடம் இல்லாத ஒட்டகம், சபைக் குழுவின் 'மெழுகு உருகுவது போன்ற நிதானம்', போஸ்ட் மாஸ்டரின் 'முதுமைக்கே உரிய ஓய்வு'. போஸ்ட் மாஸ்டர் ஒருவேளை துள்ளத் துள்ள வாசித்திருக்கலாம்.

"உங்களுக்குத் தெரியவே இல்லியா டீச்சர்?"

தெரிந்திருக்க வழி இல்லை. முன்பே கேட்ட பாட்டு ஒன்றை அவள் அந்த மிஷினில் போட்டிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் அவள் வாழ்ந்ததெல்லாம் புதுசில். யாரும் கேட்காததை முதலில் கேட்பது ஒன்றே அவளுக்குப் பெருமை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழசு ஒன்றும் கைவசம் இல்லை. மூன்று மாதமாக எல்லோரும் பொறுமையாகப் பாடுவதைக் கேட்டு, சினிமாவுக்கு வெளியே இசை இப்படித்தான் ஆற அமர இருக்கும் என்று நினைத்தாள். தன் ரசனை முதிர்ந்துவிட்டது என்றுகூட ஒரு ராத்திரி டைரியில் எழுதியிருந்தாள்.

அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைக் கண்டு கிதிருக்கே பாவமாகப் போய்விட்டது. "இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போடுவாங்களா? வேல சுளுவு. ஒங்க மிஷின்ல இருந்து என் டெக்குக்கு வயரு போட்டு, இப்படியே மெதுவா ஒரு காப்பி எடுத்துருதேன். 'முந்தினது தப்பாப் பதிஞ்சிட்டாங்க அண்ணாச்சி, இதுதான் ஒரிஜினலு'ன்னு குடுத்துருங்க. அவருக்கு மலை வேணும். மலையக் குடுத்துருவோம்."

அகிலா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் காப்பி எடுத்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்து, இரண்டு காசெட்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். "பெல்ட்ட மாத்திரட்டா?" என்று அவன் கேட்டதற்கு மட்டும், "இப்ப வேண்டாம்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அவளை வாட்டிய கேள்வி ஆவுடையப்பனைப் பற்றியது அல்ல. போஸ்ட் மாஸ்டரின் புல்லாங்குழலைக் கேட்டு அவள் ஒரு சாயங்காலம் அழுதிருக்கிறாள். அந்த அழுகை யாருக்காக? சைக்கிள் ட்யூபுக்காகவா? அவள் நேசித்த நாவல்களும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு, அதிலிருந்து தமிழுக்கு என்று இரண்டு மூன்று கை மாறி வந்தவைதான். அந்தப் பனி அதன் சொந்த ஊரில் எந்த வேகத்தில் பெய்கிறதோ, யார் கண்டது. ஆனால் நாவலின் அட்டையில் மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கும். அவளுடைய தாளில் ட்யூபின் பெயர் இல்லை.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்டிட்யூட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, மிஷினையும் காசெட்டுகளையும் எடுத்துக்கொண்டு இலஞ்சிக்குப் போனாள். பிச்சம்மாளை அவள் அதுவரை நேரில் பார்த்ததில்லை. காசெட் கிதிர் மூலமாக வந்தது. விசாரித்துப் போனபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் இலையை உருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கி எறிந்தன. கண் அதில் இல்லை.

"நீதானா காதோலை? ஆத்தாடி, சின்னப் பிள்ளையால்லா இருக்க! நான் வயசானவுகன்னு நெனச்சேன். உக்காரு தாயி."

அகிலா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பிச்சம்மாளின் விரல்கள் நின்றன. வெற்றிலையைத் திருப்பி வாங்கப் போகிறார்கள் என்ற இடத்தில் முறம் கீழே இறங்கியது.

"இது எங்களுக்கு மொத ராத்திரிக் கொட" என்றாள். "இதுவரைக்கும் மத்தியானம் ஒரு மணி நேரம், கல்யாண வீட்டுல அர மணி நேரம், இப்படித்தான். பொம்பள முன்னால உக்காந்து வில்ல அடிக்கிற வீசுகோலப் புடிச்சா எவன் கூப்பிடுதான்? உடுக்கு அடிக்கிற தங்கசாமி பம்பாய்க்குப் போறேன்னு நிக்கான். இந்தக் கொடையச் சொல்லித்தான் புடிச்சு வச்சிருக்கேன். இதுவும் போச்சுன்னா உடுக்கும் போச்சு, வில்லும் போச்சு." அகிலா கொண்டுவந்ததைக் காட்டி, "அந்த மிஷினப் போடு, கேப்போம்" என்றாள்.

மலை உட்கார்ந்தது. பிச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஏட்டி, யாரு இது? மீச மொளச்ச பிச்சம்மா!" பிறகு சிரிப்பு அடங்கி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் இல்ல."

"அப்ப காசெட்ல இருக்கிறது?"

"அதுவும் நான் இல்ல. மதுரைல கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு, ஒரு பக்கத்துக்கு அர மணி நேரம்னுட்டான். மூணு மணி நேரக் கத. அரக்கப் பரக்க ஓடுனோம். குடம் அடிக்கிறவனுக்கு மணிக்கட்டு வீங்கிப் போச்சு." அவள் முறத்தின் விளிம்பில் விரலால் தட்டினாள். "அம்மன் காட்டுக்குப் போற எடம் இருக்குல்லா? அது இப்படி வரும்."

பாடினாள். வேகம் ஒன்றாக இல்லை. காட்டுக்குள் நுழையும் வரை விறுவிறுவென்று போனது. முதல் மரத்தடியில் நின்றுவிட்டது. ஒரே வரியை மூன்று தரம் சொன்னாள். ஒவ்வொரு தரமும் அம்மனுக்குப் பயம் ஒரு படி ஏறியது. பிறகு திடீரென்று ஓட்டம். கீச்சுக் குரலும் இல்லை, மலையும் இல்லை. ஓரம் கொஞ்சம் கிழிந்த, பீடித் தூள் படிந்த குரல் அது. அகிலா எழுதிய அரைப் பக்கத்தில் ஒரு சொல்கூட இதற்குப் பொருந்தாது.

பாட்டை நிறுத்திவிட்டு, "சரி, காப்பி எடுத்திருக்கியே, அதக் கொண்டு போயி அவருட்டக் குடுத்துரு" என்றாள் பிச்சம்மாள், முறத்தை மறுபடி மடிக்கு இழுத்தபடி.

"அக்கா?"

"என்ன அக்கா? கொட நடக்கட்டும். அன்னைக்கு நான் பாடுதத நான் பாடுவேன். மேளம் தட்டி, வெடி போட்டு, ஆயிரம் பேரு சத்தத்துல எவன் மெதுவா வேகமான்னு தராசு வச்சு நிறுக்கப் போறான்?"

"அவர் நிறுப்பாரு அக்கா. மலை வரும்னு கூப்பிட்டுப் போயி இப்படிப் பாடுனா, இதையும் அவரு கேக்க மாட்டாரு. மலை எங்கன்னு தேடிக்கிட்டேதான் உக்காந்திருப்பாரு. முந்தாநேத்து கிதிர் கடையில உங்க காசெட்டைக் கேட்டுட்டு நான் தேடின மாதிரி."

"அது என் பாடு."

"நான் போய் உண்மையச் சொல்லிரலாம்னு பாக்கேன்."

பிச்சம்மாள் நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. "ஒனக்கு ஒம் பேப்பரு பெருசு. எழுதினதுக்கு மதிப்பு போயிரக் கூடாது. இங்க நாலு பேரு வில்லு. தப்பு பண்ணுனது நீ, ஒம் மிஷினு. வெத்தல போறது எனக்கா?"

பிச்சம்மாள் சொன்னதில் பாதிக்கு மேல் நியாயம். பேப்பர் பெரிதுதான். இன்னும் சொல்லப்போனால், தாளைப் படிக்கும் முன்னூறு பேர் முன்னால் அகிலா முட்டாளாக நிற்கவும் வேண்டியிருக்கும். காப்பியைக் கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை. கொடுப்பதுதான் அவளுக்கும் லாபம். அதை அப்படியே சொன்னாள். "நிஜமாச் சொன்னா நான் உண்மையச் சொல்லாம இருந்தாத்தான் எனக்கு நல்லது அக்கா. யாருக்கும் தெரியாது. பெல்ட்ட மாத்திட்டு அடுத்த இதழ் எழுதிருவேன். ஆனா நீங்க இப்ப பாடினீங்கள்லா, அத நான் கேட்டுட்டேன். இனிமே அந்தக் காப்பிய எப்படிக் குடுக்க?"

பிச்சம்மாள் ஏழெட்டு பீடி சுற்றினாள். கடைசியில் நூலைப் பல்லால் அறுத்துத் துப்பினாள்.

"நீ தனியாப் போயி ஒண்ணும் கிழிக்க வேண்டாம். வியாழக்கெழம நானும் வருவேன். என்னை வச்சுக்கிட்டுச் சொல்லு."

வியாழக்கிழமை சாயங்காலம் வாசுதேவநல்லூர்க் கோயில் மண்டபத்தில் ஏழு பேர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையப்பன் நடுவில். அகிலா மிஷினைத் தூணோரம் வைத்து, பிச்சம்மாளின் காசெட்டைப் போட்டுக் காட்டி, ஸ்க்ரூவைக் கழற்றி ரப்பர் வளையத்தையும் காட்டினாள். மூன்று மாதமாகத் தான் எழுதியது எல்லாம் இந்த வளையம் பாடிய பாட்டு என்று சொன்னாள்.

முதலில் யாரோ ஒருவர் கொல்லென்று சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது.

"சைக்கிள் ட்யூப்புக்கா ஆவுடையப்பா வெத்தல குடுத்துட்டு வந்த?" என்றார் ஒரு பெரியவர். "பேசாம வாடகை சைக்கிள்காரனக் கூப்பிட்டுப் பாடச் சொல்லு."

ஆவுடையப்பனுக்குக் காது சிவந்துவிட்டது. "ஏம்மா, ஊருக்கு முன்னால என்னை இப்படி நிறுத்தணும்னே வந்தியா? வேற ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம்லா?"

"மழுப்ப ஒரு காசெட்டும் வச்சிருக்கேன் அண்ணாச்சி" என்று அகிலா அதையும் பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பிச்சம்மாள் அதுவரை தூணுக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தாள். முன்னால் வந்து தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்துக் கவிழ்த்துவைத்தாள்.

"கமிட்டிக்காரங்க காசெட்டக் கேட்டாச்சு, டியூப்பக் கேட்டாச்சு" என்றாள். "வந்தது வந்துட்டேன், என்னையும் கேட்டுருங்க. பெறகு வெத்தலைய வாங்கிக்கிடுங்க."

சம்மதம் வருவதற்கு முன்பே செம்பில் விரல் விழுந்துவிட்டது. அவள் காட்டை விட்டுவிட்டு, அம்மன் ஊருக்குள் வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தண்ணீர் கேட்கும் இடத்தை எடுத்தாள். அதில் ஊர்ப் பெயர்கள் வரும். சிவகிரி வந்தது, புளியங்குடி வந்தது. வாசுதேவநல்லூர் வந்தபோது அம்மன் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்த திசையில் வந்து நின்று தண்ணீர் கேட்டாள். கேட்டுவிட்டு பிச்சம்மாள் நிறுத்திவிட்டாள். செம்பும் நின்றது. யாராவது கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பது போல அந்த மௌனம் நீண்டது. பெரியவர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு கமிட்டி கூடிக் கூடிப் பேசியது. பெண்கள் இருவரையும் வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது ஆவுடையப்பன் அகிலாவைப் பார்க்காமல் பிச்சம்மாளிடம் பேசினார்.

"அம்மனுக்கு வச்ச வெத்தலையத் திருப்பி வாங்க எங்களுக்கு மனசு இல்ல. ஆனா ராத்திரிக்கு இவனுவ ஒத்துக்கிட மாட்டேங்கானுவ. பழைய வில்லுச் செட்டையே கூப்பிடணும்னு நிக்கானுவ. மத்தியானக் கொடைக்கு ஒரு மணி நேரம் தாறோம். சம்மதமா?"

பிச்சம்மாள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "சரி அண்ணாச்சி."

திரும்பும் பஸ்ஸில் பிச்சம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். புளியங்குடி வந்ததும் திரும்பாமலே சொன்னாள். "ராத்திரி போனது ஒன்னாலதான்."

"ஆமா அக்கா."

"அந்தக் காப்பியக் குடுத்திருந்தா ராத்திரி நம்ம கையில."

"ஆமா."

"எல்லாத்துக்கும் ஆமா போடாத. கோவமா வருது." கொஞ்சம் கழித்து, "மத்தியானம் வருவல்லா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை அகிலா புது ஸ்டென்சில் வெட்டினாள். பதினாலு காசெட்டின் பெயரையும் வரிசையாக அடித்து, இவற்றைப் பற்றி எழுதியவளின் மிஷின் மெதுவாக ஓடியது, இவற்றைத் தயவுசெய்து நீங்களே கேட்டுக்கொள்ளவும் என்று எழுதினாள். ஒட்டகத்தை எழுதியதற்கு வெட்கப்படவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தாள். பிறகு அந்த வரியை அழித்துவிட்டாள். பிறகு திரும்பச் சேர்த்தாள். பிச்சம்மாளைப் பற்றி என்ன எழுதுவது என்று டைப்ரைட்டர் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். காத்திருக்கும் குரல் என்றும் இல்லை, ஓடும் குரல் என்றும் இல்லை. கடைசியில் கொடை நடக்கும் ஊர், கிழமை, நேரம் மட்டும் அடித்தாள்.

கடிதங்கள் வந்தன. இனி தாள் அனுப்ப வேண்டாம் என்று ஒன்பது பேர். நாகர்கோவில் பையன்கள் கோபமாக ஒரு அட்டை போட்டிருந்தார்கள். தங்கள் பாட்டு இரங்கல் கூட்டத்துக்கு ஏற்றது என்று அவள் எழுதிய பிறகு இரண்டு பேர் உண்மையாகவே இரங்கல் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். செங்கோட்டையிலிருந்து ஆவுடைத்தாய் என்றொரு வாசகி மட்டும், தன்னுடைய மிஷினையும் அப்படி மெதுவாக்க என்ன அளவில் ட்யூப் வெட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

ஆடிக் கடைசிச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அகிலா கொடைக்குப் போனபோது பந்தலில் கூட்டம் இல்லை. பெண்கள் பொங்கல் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் ராத்திரிக்காகத் தூங்கப் போயிருந்தார்கள். வில்லுக்கு முன்னால் முப்பது பேர் இருந்தால் அதிகம். கிதிர் முகம்மது ஸ்டாலை அடைத்துவிட்டு வந்து பந்தல்காலில் சாய்ந்து நின்றான். கை மட்டும் பழக்கத்தில் காசெட்டைத் தேடிச் சட்டைப் பையைத் தடவியது. ஆவுடையப்பன் முன்வரிசையில், நாற்காலியில், கடிகாரம் தெரியச் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

தங்கசாமி உடுக்கை எடுத்தான். பிச்சம்மாள் வீசுகோலை இறக்கினாள். மணிகள் சிதறின.

முதல் முக்கால் மணி நேரம் அகிலா வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். எதைப் போல, எதைப் போல என்று மனசு துழாவியது. பிறகு அம்மன் காட்டுக்குள் நுழைந்தாள். அகிலா துழாவுவதை விட்டுவிட்டாள். எங்கே ஓடப் போகிறது, எங்கே நிற்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையே இதமாக இருந்தது. பொங்கல் பானைகளிடமிருந்து ஒருத்தி கரண்டியோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர்.

ஒரு மணி நேரம் ஆனபோது அம்மன் இன்னும் சிவகிரிக்கே வந்திருக்கவில்லை. மைக் செட்காரர் முன்வரிசையைப் பார்த்தார், அணைக்கட்டுமா என்ற பாவனையில். ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார்.

பிச்சம்மாள் அவரைப் பார்க்கவில்லை. மரத்தடியில் நின்ற அம்மனின் வரியை இரண்டாம் தரம் சொல்லி முடித்து, மூன்றாம் தரம் சொல்லுமுன் மூச்சை உள்ளே இழுத்தாள்.

ஆவுடையப்பன் அப்படியே உட்கார்ந்தார். மைக் செட்காரரைப் பார்த்துக் கையால் சும்மா இரு என்று காட்டிவிட்டு, அந்த மூன்றாம் தரத்துக்காகக் காத்திருந்தார்.